விமான வைஃபைக்கு காசு கட்டலாமா? கேள்வி-பதில்

கே: சென்னை-டெல்லி ஃப்ளைட்ல வைஃபை இருக்குன்னாங்க. கிளம்பி கொஞ்ச நேரம் கனெக்ட்டே ஆகல. ஏமாத்துறாங்களா?

ப: இல்லமா. நம்ம நாட்டு வான்ல 3000 மீட்டர் உயரம் போனப்புறம்தான் நெட் குடுக்கலாம்னு 2018-ல ரூல் போட்டாங்க. 2024-ல அதை மாத்தி, விமானத்துல எலக்ட்ரானிக் சாதனங்களை உபயோகிக்க அனுமதிக்கிறப்ப வைஃபை குடுக்கலாம்னு ஆக்கிட்டாங்க. அதுவரைக்கும் கனெக்ட் ஆகாது.

கே: துபாய் போறப்ப ஃப்ளைட் மோட் போட மறந்துட்டேன். ரோமிங் பில் எகிறிடுச்சு. கேஸ் போடலாமா?

ப: ஏறினதும் மைக்ல சொல்றாங்களே, அதைக் கேக்க வேணாமா? சில விமானத்துக்குள்ளயே குட்டி மொபைல் நெட்வொர்க் இருக்கு, ஃபோன் தானா அதுல ஒட்டிக்கும். ரேட் சொல்லி எஸ்எம்எஸ் வந்துச்சான்னு பாருங்க. வரலன்னா அதைச் சொல்லி எழுதிக் கேளுங்க.

கே: லண்டன் ஃப்ளைட்ல 'ஃபுல் ஃப்ளைட்' பாஸ் வாங்கினேன். பாதி வழியில கட். மூணு மெயில் போட்டும் பதிலில்ல.

ப: உங்க கோபம் நியாயம் சார். எனக்கும் நடந்துச்சு, ராத்திரி ஃப்ளைட்ல ஆபீஸ் ஃபைல் அனுப்பியே ஆகணும்னு பாஸ் வாங்கி ஒண்ணுகூட போகல, ஸ்க்ரீன்ஷாட் எடுக்காததால காசும் திரும்பி வரல, இன்னிக்கும் உறுத்துது. ஒவ்வொரு நாட்டு வான்லயும் நெட் குடுக்க தனி அனுமதி வேணும். நாமளே 2018 டிசம்பர்லதான் ரூல் போட்டோம், அதுவும் டேட்டா இந்தியாவுல இருக்கிற கேட்வே, அதாவது சாட்டிலைட்டோட தரை நிலையம், வழியா போகணும்னு. பாதுகாப்புக்காக, அது சரிதான். ஆனா எந்த ரூட்ல எங்க கட்டாகும்னு ஏர்லைனுக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சும் பணம் கட்டுற பக்கத்துல 'ஃபுல் ஃப்ளைட்'னு போட்டு விக்கிறாங்க பாருங்க, அதைத்தான் என்னால பொறுத்துக்கவே முடியல. ரசீது, சீட் நம்பர், கட்டான நேரம் எல்லாம் எடுத்து வெச்சு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு கூப்பிடுங்க. அப்பவும் அசையலன்னா உங்க ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது.

கே: தரையோட டேட்டா பேசிட்டே பறக்குற புது விமானம்னு விளம்பரம். நமக்கென்ன லாபம்? ஹேக் பண்ணிடுவாங்களோ?

ப: லாபம் பெருசு. மலேசியா ஏர்லைன்ஸோட எம்எச்370 விமானம் 2014-ல காணாமப் போனப்ப சாட்டிலைட்டுக்கு மணிக்கொரு தடவை போன சிக்னலை வெச்சுதான் எந்தக் கடல்ல தேடுறதுன்னே முடிவு பண்ணாங்க, அப்புறம்தான் கடல் மேல 15 நிமிஷத்துக்கொரு தடவை இருக்கிற இடம் தெரியணும்னு 2018 நவம்பர்ல உலக அளவுல ரூல் வந்துச்சு. இன்ஜின்ல கோளாறுன்னா பறக்கும்போதே தகவல் போயிடும், இறங்குறப்ப மெக்கானிக் பார்ட்ஸோட நிப்பாரு, உங்க அடுத்த ஃப்ளைட் லேட்டாகாது. ஹேக் பயம் நியாயமானதுதான். போயிங் 787 விமானத்துக்கே, பயணிங்க நெட்வொர்க்ல இருந்து விமானத்தை ஓட்டுற சிஸ்டத்தைத் தொட முடியக் கூடாதுன்னு அமெரிக்காவோட விமானப் பாதுகாப்பு அமைப்பான எஃப்ஏஏ 2008-ல தனி நிபந்தனை போட்டுச்சு. இந்த மாதிரி பாதுகாப்புச் சோதனையெல்லாம் முடிய நாளாகும், ஆகட்டும். ஆனா வைஃபைக்காக மட்டும் டிக்கெட்டுக்கு கூட காசு குடுக்காதீங்க, கடைசி நேரத்துல வைஃபை இல்லாத விமானமா மாத்திடுவாங்க.