செஸ்டரா, ட்ரிப்பிள் கிரௌனா? முதலில் தண்டைப் படுக்கவையுங்கள்

கேள்வி: ஒன்ராறியோவில் ஏஜாக்ஸ் நகரில் இருக்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன் பெரிய கடையொன்றில் ஒரு ராஸ்பெரிக் கன்றும் ஒரு பிளாக்பெரிக் கன்றும் வாங்கி வைத்தேன். ராஸ்பெரியின் சிட்டையில் இனப்பெயர் இல்லை, ‘எவர்பேரிங்’ என்று மட்டும் இருந்தது. நவம்பரில் எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டிவிடுகிறேன். செப்டெம்பரில் ஒரு கைப்பிடி பழம் வருகிறது, அதற்குள்ளும் வெள்ளைப் புழு. பிளாக்பெரி ‘பிரைம்-ஆர்க் ஃப்ரீடம்’. ஏழு அடி வளர்ந்து செப்டெம்பரில் பூக்கிறது, பிஞ்சோடு உறைபனியில் கருகிவிடுகிறது. அடுத்த வசந்தத்தில் பார்த்தால் தண்டு முழுவதும் பட்டுப்போயிருக்கும், அடியிலிருந்து புதிதாக முளைக்கும். இரண்டையும் தோண்டி எறிந்துவிட்டு வேறு இனம் வைக்கப்போகிறேன். ராஸ்பெரியில் பாய்னா, ஹெரிட்டேஜா? பிளாக்பெரியில் செஸ்டரா, ட்ரிப்பிள் கிரௌனா? பின் வேலியோரம் இருபது அடி இடம் இருக்கிறது, இவ்வளவு காலமும் தக்காளியும் கத்தரியும் வைத்த பாத்தி. ராஸ்பெரிக் கன்று சினேகிதி சும்மா தருகிறேன் என்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இனம் கலந்துவிடுமா?

பதில்: அன்புள்ள சகோதரி, ராஸ்பெரியைத் தோண்ட வேண்டாம். அதன் மேல் பிழை இல்லை.

நீங்கள் வைத்திருப்பது முதலாண்டுத் தண்டின், அதாவது அந்த வருடமே முளைத்த தண்டின், நுனியில் இலையுதிர் காலத்தில் காய்க்கும் வகை. நவம்பரில் தரையோடு வெட்டுவது அந்த வகைக்குச் சரியான முறைதான், அந்தப் பருவம் உங்களுக்குப் பயன்படுமானால். உங்களுக்கு அது பயன்படாது. காரணம் அந்த வெள்ளைப் புழு. அது புள்ளிச் சிறகுப் பழ ஈயின் புழு. 2010 இல் ஒன்ராறியோவில் கண்டுபிடிக்கப்பட்டது முதல் மென்மையான பழம் வைத்திருக்கும் எல்லோருக்கும் அதுதான் முதல் எதிரி. சாதாரணப் பழ ஈ அழுகிய பழத்தைத் தேடிப் போகும். இது நிறம் ஏறத் தொடங்கும் நல்ல பழத்தின் தோலைக் கீறி முட்டை இடும். ஜூலைத் தொடக்கத்தில் குறைவாக இருக்கும், ஓகஸ்டில் பெருகிவிடும், செப்டெம்பரில் தப்புகிற பழம் அரிது. மருந்து அடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வீட்டு வளவுக்கு என்ன விற்கலாம் என்பதில் 2009 முதல் இந்த மாகாணத்தில் கட்டுப்பாடு இருக்கிறது, வாங்கக் கிடைப்பவற்றை இரண்டு நாளுக்கொருமுறை பறித்துத் தின்னும் பழத்தில் அடிப்பதிலும் பொருள் இல்லை.

ஆகவே இந்த நவம்பரில் அடியோடு வெட்டாதீர்கள். ஒவ்வொரு தண்டிலும் பூத்துக் காய்த்த நுனிப் பகுதியை மட்டும், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அளவில், வெட்டி எடுங்கள். அதற்குக் கீழே உள்ள மொட்டுகள் அடுத்த ஜூலையில் காய்க்கும். ஈ பெருகுமுன் பெரும்பகுதிப் பழம் உங்கள் கைக்கு வந்துவிடும். காய்த்து முடிந்த தண்டை உடனே தரையோடு எடுத்துவிடுங்கள். வரிசையின் அகலம் ஒன்றரை அடிக்கு மேல் போகவிடாமல், ஓர் அடி நீளத்துக்கு மூன்று நான்கு நல்ல தண்டு மட்டும் விடுங்கள். நெருக்கமான புதருக்குள் காற்றும் வெயிலும் போகாது, அந்த ஈக்கு வேண்டியதும் அதே நிழலும் ஈரமும்தான்.

புதிதாக ஒரு ராஸ்பெரி வைத்தே தீரவேண்டும் என்றால் கோடையில் மட்டும் காய்க்கும் இனத்தை வையுங்கள். பாய்ன் 1960 இல் மனிற்றோபாவின் மோர்டன் ஆய்வு நிலையம் வெளியிட்டது. புல்வெளி மாகாணங்களின் கொடுங்குளிருக்காக உருவானது. ஏரிக்கரை ஏஜாக்ஸுக்கு அவ்வளவு வலிமை தேவையில்லை. பழம் சிறிது, மென்மை, கருஞ்சிவப்பு. ஜாமுக்கு மிக நல்லது. தண்டில் சாம்பல் நிறப் புள்ளி விழும் நோய்க்கு எளிதில் ஆளாகும். நோவா ஸ்கோஷியாவின் கென்ற்வில்லில் இருந்து 1981 இல் வந்த ‘நோவா’வை நான் அதற்கு மேலாக வைப்பேன். முள் மிகக் குறைவு, பழம் உறுதி, சிறிது புளிப்பு. ஹெரிட்டேஜ் வேண்டாம். 1969 இல் நியூயோர்க் ஜெனீவாவில் வெளியான நல்ல இனம்தான், ஆனால் பிந்திக் காய்ப்பது. உங்கள் ஊரில் அது ஈக்கும் உறைபனிக்கும் நடுவே அகப்படும். இலையுதிர்காலப் பழம் வேண்டும் என்று அடம் என்றால் முந்திப் பழுக்கும் ‘போலானா’வோ ‘ஓட்டம் பிரிட்டனோ’ வையுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை தவறாமல் பறித்து நேரே குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். விழுந்ததையும் கனிந்து குழைந்ததையும் பையில் கட்டி வெயிலில் போடுங்கள், எருக்குவியலில் போடாதீர்கள்.

இனி பிளாக்பெரி. நீங்கள் கேட்டது செஸ்டரா ட்ரிப்பிள் கிரௌனா என்று. கேட்டிருக்க வேண்டியது, காய்க்க வேண்டிய தண்டு பனிக்காலத்தைத் தாண்டுமா என்று. இந்த இரண்டும் போன வருடம் முளைத்த தண்டில்தான் காய்க்கும்.

அடியிலிருந்து மறுபடி முளைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேர் உயிரோடு இருக்கிறது, மண் அதைக் காப்பாற்றியிருக்கிறது. மேலே நிற்கும் தண்டை ஒன்றும் காப்பாற்றவில்லை. முள்ளில்லாப் பிளாக்பெரித் தண்டும் மொட்டும் −18 இலிருந்து −23 பாகை செல்சியஸுக்குள் சேதமாகிவிடும். பெப்ரவரியில் நாலு நாள் இளகி மொட்டு அசைந்தபின் திரும்பக் குளிர் அடித்தால் அதைவிடக் குறைந்த குளிரே போதும். காய்ந்த காற்றும் தண்டின் ஈரத்தை உறிஞ்சும். கடைச் சிட்டையில் போட்டிருக்கும் குளிர் வலய எண்ணை நம்பி வாங்குகிறார்கள். அந்த எண் செடி சாகாது என்பதைச் சொல்லும். போன வருடத் தண்டு உயிரோடு எழும் என்று அது சொல்வதில்லை. போதாததற்கு அமெரிக்க வலய எண்ணும் கனடிய வலய எண்ணும் வேறு வேறு கணக்கு. இரண்டையும் கலந்து ஒட்டி விற்பது கடைக்காரரின் அக்கறையின்மை, வேறென்ன சொல்ல?

ஃப்ரீடத்தைப் பற்றியும் அப்படித்தான். ஆர்கன்சோ பல்கலைக்கழகம் 2013 இல் வெளியிட்ட இனம், முதலாண்டுத் தண்டிலேயே காய்க்கும். தென் மாநிலங்களின் நீண்ட கோடைக்கு அது பொருந்தும். பூவிலிருந்து பழம் வர ஏறத்தாழ ஒன்றரை மாதம் வேண்டும். செப்டெம்பரில் பூத்தால் ஒக்டோபர் உறைபனிக்குள் எப்படிப் பழுக்கும்? ‘வைத்த வருடமே பழம்’ என்று எழுதி அதை ரொறன்ரோ வட்டாரத்தில் விற்பது நேர்மையில்லாத வியாபாரம். இந்த ஒன்றைத் தோண்டி எறியலாம்.

அதன் இடத்துக்கு எந்த இனம் என்பதை ஒரே கேள்வியால் முடிவு செய்யுங்கள்: தண்டு வளையுமா? வளைகிற தண்டைத் தரையில் படுக்கவைத்து மூடலாம். மூடினால் இங்கே பிளாக்பெரி காய்க்கும். ஃப்ரீடம், வொஷிட்டா போன்றவை நிமிர்ந்து விறைக்கும் சாதி. வளைத்தால் அடியில் முறியும். செஸ்டரும் ட்ரிப்பிள் கிரௌனும் பாதி படரும் சாதி, இளசாக இருக்கும்போது சொன்னபடி வளையும். செஸ்டர் 1985, ட்ரிப்பிள் கிரௌன் 1996, இரண்டும் அமெரிக்க விவசாயத் திணைக்கள வெளியீடுகள். ட்ரிப்பிள் கிரௌன் பெரியது, இனிப்பு, வாசனை. குளிரைத் தாங்குவதில் ஒரு படி குறைவு. செஸ்டர் முள்ளில்லா இனங்களில் குளிர் தாங்குவதில் முன்வரிசை, வெயிலில் பழம் இளகாது, ஆனால் முழுதாகக் கனியுமுன் பறித்தால் புளிக்கும். படுக்கவைத்து மூடுவேன் என்று உறுதி இருந்தால் ட்ரிப்பிள் கிரௌன். ஒரு வருடம் மூடத் தவறினாலும் நாலு பழம் வேண்டும் என்றால் செஸ்டர். மூடவே மாட்டேன் என்றால் பிளாக்பெரியை மறந்து நோவாவை மட்டும் வையுங்கள்.

படுக்கவைக்கும் வேலை நவம்பரில் தொடங்குவதல்ல. பலர் பெருவிரல் தடிப்பில் நிமிர்ந்த தண்டை நவம்பரில் பிடித்து வளைப்பார்கள், அது அடியோடு பிளக்கும், பிறகு ‘இதெல்லாம் சரிவராது’ என்பார்கள். மே மாதம் புதுத் தளிர் முழங்கால் உயரம் வந்ததும், பச்சையாக இருக்கும்போதே, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கட்டிய கம்பியோடு சேர்த்து மெல்ல வளைத்துக் கட்டுங்கள். ஒரே நாளில் முழுதாக வளைக்காமல் நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு செடிக்கு நாலு தண்டு போதும், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இந்த வருடத் தண்டெல்லாம் வலப்பக்கம் போகட்டும். காய்க்கும் போன வருடத் தண்டு இடப்பக்கம், மூன்றடி ஐந்தடி உயரக் கம்பிகளில். அடுத்த வருடம் பக்கம் மாறும். அதனால் பறிக்கும்போது புதுத் தண்டு முறியாது, எதை வெட்டுவது என்ற குழப்பமும் வராது. தண்டு ஆறடி போனதும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளைகள் வரும். அவற்றில்தான் அடுத்த வருடப் பழம்.

நவம்பர் நடுவில், சில நாள் நல்ல உறைபனி கண்டு இலை கொட்டியபின், மண் இறுகுமுன், கட்டை அவிழ்த்துத் தண்டைத் தரையில் கிடத்துங்கள். வளைத்த கம்பியால் மண்ணோடு குத்தி நிறுத்துங்கள். மேலே தடித்த பயிர் மூடும் துணி இரண்டு மடிப்பு, ஓரமெல்லாம் கல் வைத்து. பனி கொட்டி அதற்கு மேல் மூடினால் இன்னும் நல்லது, வழிக்காதீர்கள். பொலித்தீன் போடாதீர்கள்: பகல் வெயிலில் உள்ளே சூடேறி மொட்டு விழிக்கும், இரவில் சாகும். வைக்கோலைக் குவிக்காதீர்கள், எலி கூடு கட்டித் தண்டின் பட்டையைச் சுற்றிக் கொறித்துவிடும். சுற்றியுள்ள புல்லையும் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

ஏப்ரல் முதல் வாரம், முகில் மூடிய ஒரு நாளில் துணியை எடுங்கள். பிந்தினால் உள்ளேயே வெளிறி முளைத்துவிடும், அந்த முளை வெயிலில் கருகும். தண்டை மேல் கம்பிகளில் கட்டி, பக்கக் கிளைகளை ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடிக்குள் வெட்டுங்கள். எது உயிர், எது செத்தது என்று தெரியாவிட்டால் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை என்றால் விடுங்கள், மண்ணிறம் என்றால் பச்சை வரும் இடம் வரை வெட்டுங்கள். பிளாக்பெரி ஜூனில்தான் பூக்கும், வசந்தகால உறைபனியைப் பற்றிய கவலை வேண்டாம். செஸ்டர் ஓகஸ்ட் நடுவுக்குமேல் பழுக்கும், அப்போது ஈயும் இருக்கும். பூ கொட்டித் தீர்ந்ததும் துளை ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த வலையைப் போர்த்தி ஓரத்தை இறுக்குங்கள். பூ இருக்கும்போது போர்த்தினால் தேனீ நுழையாது, பழம் பாதி மணியோடு நிற்கும். பளபளப்புப் போய் மங்கிய கறுப்பாகும்போது பறியுங்கள்.

எந்த இனமானாலும் அந்தத் தக்காளி, கத்தரிப் பாத்தியில் வைக்கக்கூடாது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நின்ற மண்ணில் வேர்ட்டிசிலியம் வாடல் பூசணம் பல ஆண்டு தங்கும். கறுப்பு ராஸ்பெரியைத்தான் அது முதலில் கொல்லும், சிவப்பும் பிளாக்பெரியும் தப்பா. குறைந்தது நாலு வருடம் அந்தக் குடும்பப் பயிர் படாத இடம், ஆறு மணி நேர வெயில் விழும் இடம் பாருங்கள். உங்கள் பக்கத்தில் களிமண் அதிகம். ஓர் அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, வடிந்தபின் இரண்டாம் முறை நிரப்புங்கள். நாலு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் எட்டுப் பத்து அங்குலம் உயர்த்திய மேட்டுப் பாத்தி போட்டே வைக்கவேண்டும். இல்லாவிட்டால் ராஸ்பெரி வேரழுகலில் இரண்டாம் வருடமே போய்விடும்.

சினேகிதியின் கன்றை அன்போடு மறுத்துவிடுங்கள். கறிவேப்பிலைக் கன்றைப் பகிர்வதுபோல் ராஸ்பெரியைப் பகிரக்கூடாது. அசுவினி பரப்பும் வைரசு உள்ள செடி வெளியே நலமாகத்தான் தெரியும். பழம் கையில் எடுத்தால் மணிமணியாக உதிரும், வருடா வருடம் விளைச்சல் குறையும். வேரோடு கழுத்துக் கழலைப் பக்டீரியாவும் வேரழுகலும் சேர்ந்து வரும், அவை உங்கள் மண்ணிலேயே தங்கிவிடும். இனப்பெயர் எழுதி, வைரசுச் சோதனை செய்த தாய்ச் செடியிலிருந்து எடுத்த கன்று விற்கும் நாற்றுப் பண்ணையில் குளிர்காலத்திலேயே சொல்லி வைத்து, ஏப்ரல் கடைசியில் வெறும் வேர்க் கன்றாக வாங்குங்கள். பெயர் இல்லாத சிட்டையோடு விற்கும் கடையில் இன்னொரு முறை காசு கொடுக்காதீர்கள். எப்படி வெட்டுவது என்பதே இனத்தைப் பொறுத்தது.

உரம் வசந்தத்தில் இரண்டு அங்குலம் மக்கிய எரு. ஜூன் முடிந்தபின் தழைச்சத்து எதுவும் வேண்டாம், பிந்தி வளர்ந்த மென்தண்டு குளிரில் முதலில் சாகும்.

இனம் கலக்காது. இரண்டும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஒவ்வொன்றிலும் ஒரு செடி போதும். ராஸ்பெரி மண்ணுக்கடியில் ஓடி முளைப்பதால் எட்டடி இடைவெளி விடுங்கள், பிளாக்பெரித் தண்டைக் கிடத்தவும் அந்த இடம் வேண்டும்.