வாங்குகிற கம்பெனியின் பங்கு ஏன் விழுகிறது? – கேள்வி பதில்

சிங்கப்பூரில் கணினிக் கம்பெனிப் பங்குகள் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

செல்வி, ஈசூன்: அண்ணா, இன்னொரு கம்பெனியை வாங்குவது வளர்ச்சிதானே? அறிவிப்பு வந்த அன்றே வாங்குகிறவரின் பங்கு ஏன் சரிகிறது?

கொடுக்கிற விலைதான் காரணம், செல்வி. சந்தை விலைக்குக் கேட்டால் யாரும் விற்கமாட்டார்கள், மேலே போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் பணம் வாங்குகிற கம்பெனியின் பங்குதாரர்களிடமிருந்துதான் போகிறது.

2001 செப்டம்பரில் கணினியும் பிரிண்டரும் விற்கும் எச்பி, இன்னொரு கணினிக் கம்பெனியான காம்பேக்கை வாங்குவதாக அறிவித்தது. ரொக்கம் கிடையாது. ஒரு காம்பேக் பங்குக்கு 0.6325 எச்பி பங்கு. அதற்கு முன் எச்பி 23.21 டாலரில் இருந்தது, ஆக காம்பேக் வைத்திருந்தவருக்கு ஒரு பங்குக்கு 14.68 டாலர் கணக்கு. அறிவிப்புக்குப் பின் சந்தை திறந்த முதல் நாளே எச்பி சுமார் 19 விழுக்காடு சரிந்து 18.87-ல் நின்றது. அந்த 14.68 டாலர் கணக்கும் 12 டாலருக்குக் கீழே போனது. வழக்கமாக வாங்கப்படும் கம்பெனியின் பங்கு ஏறும். அன்று காம்பேக்கும் சுமார் 10 விழுக்காடு விழுந்தது.

கணினி விற்பனை படுத்திருந்த ஆண்டு அது. பிரிண்டரில் வரும் நல்ல லாபத்தை, லாபம் மெலிந்த கணினித் தொழில் தின்றுவிடும் என்று முதலீட்டாளர்கள் பயந்தார்கள். நிறுவனரின் மகன் வால்டர் ஹியூலெட்டே எதிர்த்து நின்றார். பங்குதாரர்களின் வாக்கெடுப்பில் நூலிழையில் தப்பி, 2002 மே மாதம்தான் இணைப்பு முடிந்தது. இது மாதிரி செய்தி வந்தால் ரொக்கமா, கடனா, பங்கா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கார்த்தி, பொங்கோல்: 2022-ல் வீடியோ கேம் கம்பெனியான ஆக்டிவிஷனை வாங்க, பங்குக்கு 95 டாலர் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. பங்கோ 82 பக்கம்தான் நின்றது. அப்படி இருக்கும்போது வாங்கிப் போட்டால் லாபம் உறுதிதானே?

உறுதி இல்லை, தம்பி. அந்த 13 டாலர் இடைவெளிதான் 'இது நடக்காமலும் போகலாம்' என்பதற்குச் சந்தை போட்ட விலை. அமெரிக்காவில் வழக்கு, பிரிட்டனில் தடை எல்லாம் தாண்டி 2023 அக்டோபரில்தான் முடிந்தது. அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். எல்லாமே இப்படி முடிவதும் இல்லை. அப்போது நம் ஊரில் பதிவாகியிருந்த சிப் கம்பெனி புரோட்காம், இன்னொரு சிப் கம்பெனியான குவால்காமை வாங்கப் பார்த்தபோது 2018 மார்ச்சில் டிரம்ப் உத்தரவு போட்டு நிறுத்திவிட்டார்.

மாலதி, உட்லண்ட்ஸ்: கணினி விற்பனை கூடுகிறது என்று செய்தி வந்தால் எச்பி, டெல் வாங்கலாமா?

அந்த எண்ணிக்கை எதைக் குறிக்கிறது என்று பாருங்கள், மாலதி. கார்ட்னர் போன்ற சந்தை ஆய்வு நிறுவனங்கள் சொல்வது கம்பெனி கடைக்காரருக்கு அனுப்பிய பெட்டிகளின் எண்ணிக்கை. சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் விற்காமல் அடுக்கி வைத்திருக்கும் மடிக்கணினியும் அதில் சேர்ந்துவிடும். காலாண்டு அறிக்கையில் சரக்கு இருப்பு ஏறிக்கொண்டே போனால் அந்த வளர்ச்சியை நான் நம்பமாட்டேன்.

கார்ட்னர் கணக்கில் 2021-ல் சுமார் 34 கோடி கணினிகள் போயின, 2023-ல் சுமார் 24 கோடிதான். கோவிட் நேரத்தில் எல்லாரும் வாங்கிவிட்டதால் வந்த பள்ளம் அது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததும் அப்படித்தான்: அதற்காக முன்கூட்டியே மாற்றிய அலுவலகங்கள் அடுத்த ஆண்டே திரும்ப வாங்கப்போவதில்லை. மெமரி சிப் விலை ஏறினால், விற்பனை கூடினாலும் லாபம் குறையும்.

ரஹீம், ஜூரோங்: சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கப் பங்கு வாங்கினால் வரி உண்டா, பாய்?

நீண்ட கால முதலீடாக வாங்கி விற்ற லாபத்துக்கு இங்கே பொதுவாக வரி இல்லை. ஆனால் 100 டாலர் ஈவுத்தொகை வந்தால் 30 டாலரை அமெரிக்காவிலேயே வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். பலருக்குத் தெரியாத இன்னொன்று: அமெரிக்கக் குடியுரிமையோ வசிப்பிடமோ இல்லாதவர் இறக்கும்போது அங்குள்ள சொத்து 60,000 அமெரிக்க டாலரைத் தாண்டினால் மரபுரிமை வரி வரலாம். இதை வீட்டில் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

கோமதி, தெம்பனிஸ்: மத்திய சேமநிதிப் பணத்தில் டெல் பங்கு வாங்கலாமா?

முடியாது அக்கா. அதில் நேரடியாகப் பங்கு வாங்குவதென்றால் சிங்கப்பூர்ச் சந்தையில் உள்ளவை மட்டும்தான், அதற்கும் வரம்பு உண்டு.