கொழும்பு ஹோட்டல் அனுபவமும் ரொறன்ரோவில் கட்டட இயக்குநர் பயிற்சியும்

அன்புள்ள தம்பி,

கொழும்பில் ஒரு ஹோட்டலின் குளிரூட்டும் பிரிவில் வேலை செய்துவிட்டு வந்திருக்கும் நீங்கள், ரொறன்ரோவில், கட்டடங்களின் இயந்திரங்களை இயக்கிப் பராமரிப்போருக்கான பில்டிங் ஒப்பரேட்டர் சான்றிதழ்ப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டலாம், ஆனால் முதலில் ஏதாவது ஒரு கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டுக் கட்டுங்கள். அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில் 1990களில் தொடங்கிப் பின்னர் கனடாவுக்கும் வந்த இந்தப் பயிற்சியில், படித்ததைத் தாம் வேலை செய்யும் கட்டடத்திலேயே செய்துபார்த்து ஒப்படைக்கும் பணிகள்தான் முக்கியமானவை. கையில் கட்டடம் இல்லாதவருக்கு அது பாதிப் படிப்பாகவே முடியும். கட்டணத்தை ஏற்கும் முதலாளிகளும் உண்டு. பெரிய பொய்லர்களை இயக்கச் சட்டப்படி தேவைப்படும், ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏ தரும் உரிமம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நீரைக் குளிர்த்தும் சில்லர், பம்பு, வெப்பத்தை வெளியேற்றும் கூலிங் டவர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. புதிதாக இருக்கப்போவது வெப்பமூட்டல். இங்குள்ள பழைய அலுவலகக் கட்டடங்கள் பலவற்றில், காற்றை ஓரிடத்தில் ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ் வரை குளிர்த்தி அனுப்பி, பின்னர் ஒவ்வொரு பகுதியிலும் தேவைக்கேற்ப மீண்டும் சூடாக்குகிறார்கள். வெளியே குளிராக இருக்கும்போது காற்றுவழிக் கதவான டாம்பரைத் திறந்து வெளிக்காற்றை எடுத்தாலே போதும், சில்லரை ஓட்ட வேண்டியதில்லை. அந்த டாம்பர் இறுகிப்போனாலோ, வெளிவெப்பநிலையைக் காட்டும் சென்சர் பிழையாகக் காட்டினாலோ, சூடாக்கலும் குளிர்த்தலும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று எதிர்த்து ஓடும்; அறையில் இருப்பவருக்கு எல்லாம் சுகமாகவே இருப்பதால் எவரும் முறையிட மாட்டார்கள், பணம் மட்டும் மின்சாரம், எரிவாயு ஆகிய இரண்டு பில்களிலும் போய்க்கொண்டிருக்கும். முறைப்பாடே வராத இத்தகைய பிழையைத் தேடிப்பிடிக்கப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சி என்பேன். ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு, ஆளில்லாத கட்டடம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை மணிவாரியான மீட்டர்ப் பதிவில் பார்ப்பது அதற்கு நல்ல தொடக்கம். மின்விசிறியின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்ற கணக்கும் அங்கேதான் கைக்கு வரும். ஓர் எச்சரிக்கையும் உண்டு: வெளியே மறை 20 பாகை இருக்கும்போது, குழாய் உறையாமல் காக்கும் ஃப்ரீஸ்டாட் விசிறியை நிறுத்தினால், காரணம் தெரியாமல் அதை மீளப் போடாதீர்கள். கொழும்பில் எவரும் இதைக் கற்றுத்தந்திருக்க மாட்டார்கள்.

முதலாளிகள் இதை மதிப்பதற்குக் காரணம் உண்டு. 50,000 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள பெரும்பாலான கட்டடங்களின் மின், எரிவாயு, நீர்ப் பாவனையை ஒன்ராறியோ அரசுக்கு ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். பெரிய பாவனையாளர்களில் 'ஏ' வகுப்பில் இருப்போருக்கோ, மாகாணம் முழுவதும் மின்தேவை உச்சத்தைத் தொடும் ஐந்து மணித்தியாலங்களில் அவர்கள் இழுத்த மின்சாரத்தை வைத்தே மின்சார பில்லில் சேரும் குளோபல் அட்ஜஸ்ட்மென்ட் என்ற கட்டணத்தில் அடுத்த ஆண்டுக்கு அவர்களுடைய பங்கு முடிவாகிறது. வெக்கையான ஒரு பிற்பகலில் முகாமையாளர் தொலைபேசியில் அழைத்து, எதைக் குறைக்கலாம் என்று கேட்கும்போது, எந்த விசிறியை எவ்வளவு நேரம் தணித்தால் மாடிகளில் வெக்கை தெரியாது என்று எழுதி வைத்திருப்பவரையே அவர்கள் தேடுகிறார்கள். நேர்முகத்திலும் ஓட்டிய இயந்திரங்களின் பெயர்களை அடுக்குவதைவிட, கொழும்பில் எதை எப்போது நிறுத்தினீர்கள், அதனால் பில்லில் என்ன மாறியது என்பதைச் சொல்லுங்கள்.