சட்டத்தில் ‘வெளிநாட்டுப் பொருள்’ என்ற சொல்லே இல்லாமல் பாரபட்சமாக வரி போட்டால் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தடுக்குமா?

தடுக்கும். பெரும்பாலான வழக்குகளே அப்படித்தான் வருகின்றன. ‘வெளிநாட்டுச் சரக்குக்கு இரட்டை வரி’ என்று எந்த அரசாவது பச்சையாக எழுதி வைக்குமா?

சட்ட மேற்படிப்பில் இந்தப் பாடத்தில் படித்த பாதி மறந்துவிட்டது. பிரான்சின் அம்ப்ளோ வழக்கு மட்டும் மறக்கவில்லை. 1981-ல் அம்ப்ளோ என்பவர் 36 குதிரைத்திறன் கார் ஒன்றுக்குச் சொந்தக்காரரானார். (எஞ்சினின் உண்மைத் திறன் அல்ல, வரிக்காக அரசு போட்டிருந்த கணக்கு.) 16 வரையிலான கார்களுக்கு ஆண்டு வரி படிப்படியாக ஏறி 1,100 ஃபிராங்கில் நின்றுவிடும். 16-ஐத் தாண்டினால் 17 ஆனாலும் 36 ஆனாலும் ஒரே போடு, 5,000 ஃபிராங்க். கார் எந்த ஊரில் செய்தது என்ற பேச்சே சட்டத்தில் இல்லை. ஆனால் 16-க்கு மேல் ஒரு கார்கூட பிரான்சில் தயாராகவில்லை!

மனிதர் பணத்தைக் கட்டிவிட்டு, திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டார். அது பெல்ஃபோர் நீதிமன்றத்திலிருந்து லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய், 1985-ல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. திறன் கூடக்கூட வரியைக் கூட்டலாம். ஆனால் வரி எகிறும் இடம் இறக்குமதிக் கார்களை மட்டும் பிடிக்கிற மாதிரி இருந்தால் அது பாரபட்சம்தான். பிரான்ஸ் சட்டத்தைத் திருத்தியது. திருத்தியதிலும் பழைய வாசனை போகவில்லை, 1987-ல் ஃபெல்டேன் வழக்கில் மறுபடி குட்டு வாங்கியது.

இதற்கெல்லாம் அடிப்படை, ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாடு பற்றிய ஒப்பந்தத்தின் 110-வது பிரிவு (அன்று 95). அதில் இரண்டு பகுதி. ஒரே மாதிரியான பொருட்கள் என்றால் இறக்குமதிக்கு உள்ளூர்ப் பொருளைவிட அதிக வரி கூடாது. ஒரே மாதிரி இல்லாமல் சந்தையில் போட்டி மட்டும் இருந்தாலும், உள்ளூர்ச் சரக்கைக் காப்பாற்றும்படி வரி இருக்கக்கூடாது.

இரண்டாவது பகுதிக்கு எனக்குப் பிடித்த உதாரணம் இத்தாலியின் வாழைப்பழம். ஆப்பிள், பேரிக்காய் எல்லாம் அங்கே ஏராளமாக விளையும், அவற்றுக்கு வரி இல்லை. வாழைப்பழத்துக்கு மட்டும் இறக்குமதி விலையில் கிட்டத்தட்ட பாதி வரி. வாழையும் பேரிக்காயும் ஒன்றா என்று நீதிபதிகள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள்: நீர்ச்சத்து எவ்வளவு, தாகம் அடங்குமா, குழந்தைக்குக் கொடுக்க எது ஏற்றது. ‘ஒன்றல்ல, ஆனால் போட்டி உண்டு’ என்று 1987-ல் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. நம் வீட்டில் பாட்டி ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

பிரிட்டன் ஒயினுக்கு அதிக வரி போட்டு, தன் பீரைத் தடவிக்கொடுத்த வழக்கும் இதே ரகம். 1983-ல் தோற்று, அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் ஒயின் வரியைக் குறைத்தது.

சரி, உள்ளூரில் அந்தப் பொருளே இல்லை என்றால்? டென்மார்க்கில் அன்று கார் தயாரிப்பு கிடையாது. புதுக் காருக்கு அதன் விலையையே மிஞ்சும் பதிவு வரி இருந்தது. காப்பாற்ற உள்ளூர்க் கார் இல்லாததால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 1990-ல் நீதிமன்றம் விட்டுவிட்டது. ஆனால் பழைய காரில் டென்மார்க் மாட்டிக்கொண்டது. வெளியிலிருந்து வரும் பழைய காருக்கு உண்மை விலையைவிடக் கூடுதலாக மதிப்புப் போட்டு வரி வாங்கினார்கள். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார் கைமாறினால் அந்த வரி இல்லை. கார் தொழிற்சாலை இல்லாவிட்டால் என்ன, பழைய கார் சந்தை இருக்கிறதே.