மகளின் ரெஸ்யூமேயைப் பார்த்துப் பயப்படும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமேயை முழுதாகப் படித்தேன். முதலில் சொந்தமாக ஒரு இணைய நிறுவனம், அதை மூடியதும் அரசுத் துறையில் ஒப்பந்தப் பணி, இப்போது தகவல் தொடர்பு ஆலோசகராகப் போகிறேன் என்கிறாள். எதிலும் நிலைக்க மாட்டாளோ என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று இடத்திலும் அவள் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறாள்: சிக்கலான ஒன்றை முன்பின் தெரியாதவருக்குப் புரியவைப்பது.

இணையத் தொழிலில் ஆட்கள் எந்தப் பக்கத்தில் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்று தினமும் பார்த்து, வாசகத்தை மாற்றி, மறுபடி பார்க்க வேண்டும். அரசில் அதே வேலை இன்னும் கடினம். கம்பெனி தன் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அரசால் முடியாது. பார்வை இல்லாதவர், பழைய போன் வைத்திருப்பவர், படிவம் என்றாலே பயப்படுபவர் என எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும், அதுவும் கோப்பு நாலு மேசை தாண்டி வந்த பிறகு. இரண்டையும் உள்ளே இருந்து பார்த்தவர்கள் குறைவு, அதனால்தான் அவர்கள் ஆலோசனைக்கு மதிப்பு.

இந்தப் பாதையில் போனவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் மார்த்தா லேன் ஃபாக்ஸ் 1998-ல் லாஸ்ட்மினிட்.காம் என்ற பயண இணையதளத்தைக் கூட்டாகத் தொடங்கியவர். 2010-ல் அவர் அரசுக்குக் கொடுத்த அறிக்கைதான், துறைக்குத் துறை சிதறிக் கிடந்த இணையதளங்களை ஒன்றாக்க வழிவிட்டது, 2012-ல் அரசுச் சேவைகளுக்கான பொது இணையதளமான கவ்.யூகே வந்தது. அமெரிக்காவில் டாட் பார்க் 1997-ல் அதீனாஹெல்த் என்ற மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கி, 2009-ல் சுகாதாரத் துறைக்கும் 2012-ல் முழு அரசுக்கும் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆனார். இவர்கள் தொழிலில் ஜெயித்தவர்கள், என் மகள் கம்பெனியை மூடினாளே என்பீர்கள். மூடியதை மறைக்க வேண்டாம். ஏன் மூடினாள், பாக்கிகளை எப்படித் தீர்த்தாள், கூட வேலை பார்த்தவர்களை எப்படி அனுப்பினாள் என்று நேர்காணலில் நிதானமாகச் சொல்ல முடிந்தால், அதுவே அவளைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அரசை விட்டு வந்த உடனே, அதே துறையிடம் காரியம் ஆக வேண்டிய கம்பெனிகள்தான் முதலில் அவளைத் தேடி வரும், நல்ல பணமும் தரும். அப்படிப்பட்ட கம்பெனிகளிடமிருந்து எத்தனை மாதம் விலகி இருக்க வேண்டும், எந்தத் தகவலை வெளியே பேசக்கூடாது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். விதி அனுமதித்தாலும் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பாகத் தெரியும் வேலையை அவள் தொடக்கூடாது. இந்தத் தொழிலில் மூலதனமே நம்பிக்கைதான், போனால் திரும்பாது.

அப்புறம் வருமானம். ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. ஆறு மாதச் செலவுக்காவது கையிருப்பு இல்லாமல் தனியாக இறங்க வேண்டாம். இல்லையென்றால் முதலில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேரட்டும். ஒரே வாடிக்கையாளரை நம்பியும் இருக்கக்கூடாது.

"எல்லாத் துறைக்கும் எழுதித் தருவேன்" என்று கிளம்பினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். மருத்துவமோ, கல்வியோ, வரியோ, அவள் துறையில் எதை ஆழமாகத் தெரிந்துகொண்டாளோ அதை மட்டும் சொல்லித் தொடங்கட்டும். ரெஸ்யூமேயில் பதவிப் பெயர்களைச் சுருக்கிவிட்டு, அவள் மாற்றி எழுதிய ஒரு படிவம் அல்லது அறிவிப்பின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், துறையின் அனுமதி வாங்கிக்கொண்டு. அது தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், அவளையும் உட்கார வைத்துப் பேசுவோம்.