இடிமேகமும் சின்ன விமானமும்: மலைநாட்டுக் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில் இடிமேகக் காலத்தில் சின்ன விமானம் ஓட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (தலவாக்கலை): அண்ணே, ஏப்ரலில் காலையில் வானம் பளிச்சென்று இருக்கிறதே, மத்தியானம் பறந்தால் என்ன?

அந்தப் பளிச்தான் ஆபத்து தங்கச்சி. மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்று ஓய்ந்திருக்கும். காலை வெயில் மலைச்சரிவைச் சூடாக்க, ஈரக்காற்று அதில் ஏறி மேகமாகிவிடும். பின்னேரம் தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போகும்போது இடி இறங்குகிறதே, அதே கதை. பறப்பதென்றால் காலையோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (நோர்வூட்): மேகத்துக்குள் நுழையாமல் ஓரமாகச் சுற்றிப் போனால்?

பலர் ஏமாறுவது இங்கேதான். மழை வருமுன் ஜில்லென்று ஒரு காற்று வரும். தேயிலை இலைகள் புரண்டு அடிப்பக்கம் காட்டும், தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயத்தின் தகரக்கூரை படபடக்கும். மேகத்திலிருந்து கொட்டிய குளிர்காற்று தரையில் மோதிப் பரவுவதுதான் அது. அதற்குள் சிக்கும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கிடைக்கும், வேகம் கூடியதுபோல் தெரியும். விமானி இயந்திர விசையைக் குறைப்பார். அடுத்த சில நொடிகளில் காற்று கீழே அழுத்தும், அப்புறம் பின்னாலிருந்து தள்ளும், வேகம் சரிந்துவிடும். கீழ்நோக்கிய அந்தக் காற்று நிமிடத்துக்கு 6,000 அடி வரை இறங்கக்கூடும். செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஏறுவதோ நிமிடத்துக்குச் சுமார் 700 அடி. 1985இல் அமெரிக்காவின் டல்லாஸில் பெரிய ஜெட் விமானமே இப்படித்தான் விழுந்தது.

கடும் இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளியிருக்கச் சொல்வார்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியா நேர்கோட்டில் சுமார் 22 கிலோமீட்டர்தான். ஹட்டன் மேல் மேகம் நின்றால் நுவரெலியா வானமும் நமக்கு ஆகாது.

கேள்வி (பண்டாரவளை): மேலே ஏறித் தாண்ட முடியாதா?

முடியாது. மேகம் 50,000 அடி வரை நிற்கும், செஸ்னா 172 சுமார் 14,000 அடியிலேயே திணறும்.

கேள்வி (இராகலை): மின்னல் அடித்தால் விழுந்துவிடுமா?

பயணிகள் விமானங்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை அடிக்கிறது. அலுமினிய உடல் வழியே மின்சாரம் ஓடிவிடும். சின்ன விமானத்தில் திசைகாட்டி கெடலாம், இரவென்றால் கண் கூசிப்போகும். ஆனால் விமானத்தை அதிகம் பலி வாங்குவது மின்னல் இல்லை, மேகக் காற்றின் குலுக்கல்.

கேள்வி (மஸ்கெலியா): ஏழு கன்னியர் மலையில் விழுந்த விமானமும் இடியாலா?

இல்லை தம்பி. நம் பக்கத்தில் எதையும் இடியின் தலையில் போடுவது வழக்கம்! 1974 டிசம்பர் 4இல் அந்த டிசி-8 பயணிகள் ஜெட் மலையில் மோதி 191 பேர் இறந்தது, விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துச் சீக்கிரமே இறங்கியதால்.

கேள்வி (ஹட்டன்): அனுபவமுள்ளவர் சமாளித்துவிடுவார் அல்லவா?

அமெரிக்கச் சோதனை விமானி ஸ்காட் கிராஸ்ஃபீல்டை விடவா? ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் முதலில் பறந்தவர், 1953இல். 2006 ஏப்ரலில் அவர் ஓட்டிய செஸ்னா 210 என்ற சின்ன விமானம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இடிமேகத்தில் சிதைந்தது. வழியில் புதிய வானிலைத் தகவலை அவர் கேட்டுக்கொள்ளவில்லை, தரையிலிருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரும் எச்சரிக்கவில்லை என்றது விசாரணை.

கேள்வி (கினிகத்தேனை): சரி, சிக்கிக்கொண்டால்?

வேகத்தைக் குறை, இறக்கையை மட்டமாக வை, உயரம் கூடிக் குறைந்தாலும் அதைத் துரத்தாதே, திரும்பாமல் நேரே போ என்று சொல்லிக்கொடுப்பார்கள். சமவெளிக்கு அது சரி. இங்கே நேரே போனால் பிதுருதலாகல மலை, 2,524 மீட்டர் உயரம். அதனால்தான் பள்ளத்தாக்கு ஒடுங்குமுன், முன்னால் மழைத்திரை தெரிந்த கணமே திரும்பிவிடச் சொல்கிறேன்.