குடல் அறுவைச் சிகிச்சை: சிக்கல்களைத் தவிர்ப்பது குறித்த கேள்வி பதில்

கேள்வி: என் தந்தைக்குப் பெருங்குடல் கட்டியை அகற்ற அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அவருக்குப் பீடிப் பழக்கமும் சர்க்கரையும் உண்டு. அதற்குள் என்ன செய்யலாம்?

பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். குறைந்தது நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும். வெட்டி இணைத்த குடல் முனைகள் கூடிக்கொள்வதற்கு இரத்தமும் ஆக்சிஜனும் தேவை. புகை அவ்விரண்டையும் குறைத்துவிடுகிறது. சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரியைப் பார்த்து, இப்போதே மருந்தைச் சீர்செய்துகொள்ளுங்கள். எடை குறைந்திருந்தால் முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றைக் கூட்டுங்கள்.

கேள்வி: முந்தைய இரவு முதல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்கிறார்களே?

அது பழைய வழக்கம். திட உணவை மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்பும், தெளிந்த நீராகாரத்தை இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் போதும். (பால் கலந்த டீ தெளிந்த நீராகாரம் ஆகாது; வார்டில் அடிக்கடி வரும் குழப்பம் இது.) டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களில் முன்வைத்த விரைவு மீட்பு முறை, நோயாளியைப் பட்டினி போடாமல், சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்து, சீக்கிரம் உண்ணவைப்பதையே வலியுறுத்தியது. குடல் அடைப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மயக்க மருத்துவர் சொல்வதையே கேட்க வேண்டும்.

கேள்வி: பேதி மருந்து கொடுத்தாலே கிருமித் தொற்று வராதா?

பேதி மருந்து மட்டும் போதாது. அதனுடன் வாய்வழி ஆன்டிபயாட்டிக்கும் சேரும்போதுதான் காயத் தொற்று குறைகிறது. கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடும் ஆன்டிபயாட்டிக் ஊசி இவை தவிரத் தனி.

கேள்வி: குடலை இணைத்த தையல் விட்டுக் கசிந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

நாடித்துடிப்பைப் பாருங்கள் என்பதே என் முதல் பதில். கசிவு பெரும்பாலும் முதல் வாரத்துக்குள், அதாவது நோயாளி தேறிவருகிறார் என்று எல்லோரும் நம்பத் தொடங்கும் நேரத்தில், வெளிப்படுகிறது. நான் கவனித்த ஒருவருக்கு மூன்றாம் நாள் நாடி 84. நான்காம் நாள் காலையில் 98, மாலையில் 114. காய்ச்சல் இல்லை, வயிறும் கல்லாக இல்லை. “வாயு பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்” என்றார். உடலில் அழற்சி கூடுவதைக் காட்டும் சிஆர்பி இரத்தப் பரிசோதனை 150ஐத் தாண்டியிருந்ததால் அன்றிரவே சிடி ஸ்கேன் எடுத்தோம்; கசிவு தெரிந்தது. இரத்த அழுத்தத்துக்காக, நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் நாடி ஏறாமலே இருக்கக்கூடும் என்பதால், அவர்களுக்கு மூச்சு வாங்குவது, வயிறு உப்புவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

கேள்வி: மலக்குடல் அறுவையில் தற்காலிகமாக வயிற்றில் மலப்பை வைத்தால் கசிவு வராதா?

வரலாம். ஆனால் மலம் குடல் இணைப்பின் வழியே செல்லாததால், கசிந்தாலும் உயிருக்கு ஆபத்தாகும் வாய்ப்பு குறைகிறது.

கேள்வி: வீட்டுக்கு வந்த பிறகும் வயிற்றில் போடும் ஊசி எதற்கு?

கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்கத்தான். புற்றுநோய் அறுவைக்குப் பின் பொதுவாக 28 நாள் போடச் சொல்வோம். நன்றாக நடக்கிறாரே என்று இடையில் விட்டுவிடாதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, மறுபரிசோதனைத் தேதிவரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.